பூட்டை மாற்றிய வீட்டுக்காரர், கைநழுவிய இரண்டு மாதம்

திருகோணமலையில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒருமுறை இதை வாசியுங்கள்.

நான் பாலையூற்றில் ஒரு அனெக்ஸில் இருந்தேன். வேலை நிலாவெளியில், ஹோட்டலில். அங்கே மே முதல் செப்டெம்பர் வரைதான் கையில் காசு புரளும். மாரியில் அரைச் சம்பளம். டிசம்பர், ஜனவரி வாடகை அப்படித்தான் நின்றது. பெப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கதவில் புதுப் பூட்டு. அரிசி வாளியும் மகளின் பள்ளிக்கூடப் பையும் விறாந்தையில் நனைந்து கிடந்தன.

வீட்டுக்காரர் ஐந்து மாதப் பாக்கி என்றார். மூன்று மாதக் காசை அவர் கையில்தான் கொடுத்தேன். "நமக்குள்ள என்ன தம்பி பற்றுச்சீட்டு" என்று சிரித்த அதே மனிதர்!

பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள், சிவில் பிரச்சினை என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வந்தார் மருமகன். "மாமாவுக்குக் கோபம் ஆறட்டும், திறப்பு நான் வாங்கித் தாறன், கேஸ் கீஸ் எண்டு போகாதீங்க." சிவராத்திரி முடியட்டும் என்றார். பிறகு சித்திரை வருசம் முடியட்டும் என்றார். நானும் நம்பினேன். முடிந்த கையோடு வீட்டில் வேறு ஆட்கள்.

கடைசியில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, எத்தனையாம் திகதி பூட்டினார் என்றுதான். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தில் 66, 68ஆம் பிரிவுகள் இருக்கின்றனவாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்கு வைத்தால், உடைமையைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம். பொலிஸ் வைக்காவிட்டால் நாமே சத்தியக்கடதாசியோடு போகலாம். எனக்கு அந்த இரண்டு மாதம் தாண்டி ஒன்பது நாள். மருமகன் கோயில் நாள் பார்த்தது சும்மா இல்லை.

இன்னொன்றும் சொன்னார். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எல்லா வீட்டையும் காக்காது, திருத்தங்களில் பல வீடுகள் விலகிவிட்டன. 2023இல் வந்த சட்டம் உரிமையாளர் வீட்டைச் சீக்கிரம் மீட்க வழி செய்தது. ஆனால் அதுவும் மாவட்ட நீதிமன்றம் ஊடாகத்தான். பாக்கி இருந்தாலும் தானே பூட்டுப் போட எவருக்கும் உரிமை இல்லை.

இனி எனக்கு இருப்பது நீண்ட சிவில் வழக்குத்தான். முற்பணம் 60,000 ரூபாய் அவரிடமே கிடக்கிறது. போன வாரம் மருமகனிடம் கேட்டேன். ஆடி அமாவாசை முடியட்டுமாம்.