அச்சுக்கட்டைக்கு எம்.டி.எஃப். பலகையா, கடின மரமா?

வண்டியின் சக்கர வளைவை ஒட்டித் துருவேறி அரித்துப்போன தகடுகளுக்கு மாற்றாக, இடப்புறத்துக்கு ஒன்றும் வலப்புறத்துக்கு ஒன்றுமாக 1 மி.மீ. இரும்புத் தகட்டில் கையாலேயே அடித்தெடுக்க முனைந்தபோது, தகட்டை மேலே வைத்துத் தட்டி வடிவாக்க உதவும், ஹேமர்ஃபார்ம் எனப்படும் அச்சுக்கட்டையை எதில் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. முதலில் எம்.டி.எஃப். பலகையிலும் (மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை), பிறகு பீச் என்னும் கடின மரத்திலும் செய்தேன். இனி மரத்தைத்தான் எடுப்பேன்.

எம்.டி.எஃப். பலகையில் இழையோட்டம் கிடையாது, எந்தத் திசையில் அறுத்தாலும், விளிம்பைக் குடையும் ரவுட்டர் கருவியை ஓட்டினாலும் பிசிறில்லாமல் வரும், மலிவும்கூட. ஒரே ஒரு தகடு அடிப்பவருக்கு அது போதும்.

ஆனால் இந்த வேலையில் எல்லாமே கட்டையின் விளிம்பைப் பொறுத்திருக்கிறது. கட்டைக்கும் மேற்பலகைக்கும் நடுவே தகட்டை வைத்து இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை ஒரே மூச்சில் மடக்காமல், சுற்றுக்கு 15 முதல் 20 டிகிரி வரை மட்டுமே முழு நீளத்துக்கும் தட்டி இறக்க வேண்டும். வெளிவளைவில் மிஞ்சும் உலோகம் சுருக்கங்களாக எழும்பும் என்பதால், அவற்றை ஒடுக்க ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்க நேரும். அத்தனை அடியையும் 3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிட்ட அந்த மெல்லிய விளிம்பே தாங்குகிறது. எம்.டி.எஃப். பலகைக்கு இரு முகங்களும் இறுகியவை, நடுப்பகுதி தளர்வானது. விளிம்பை உருட்டும்போது இறுகிய மேற்பகுதியைத்தான் நாம் சீவி எறிகிறோம்.

என் முதல் தகடு, உலோகம் இழுபட்டு மெலியும் உள்வளைவில் கிழிந்துவிட்டது. அதே விளிம்பில் இரண்டாவதை அடித்தபோது, வெளிவளைவுப் பகுதியில் கட்டை ஏற்கெனவே நசுங்கியிருந்ததால் மடிப்பு மழுங்கி வந்தது. மறுபக்கத் தகட்டுக்காகக் கட்டையைத் திருப்பிப் போட்டேன். புதிய விளிம்பு என்பதால் அங்கே மடிப்பு கூர்மையாக அமைந்தது. இரண்டையும் அருகருகே வைத்தபோது இடமும் வலமும் ஒரே வண்டிக்குரியவையாகத் தோன்றவில்லை. நீர்த்த சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) பசையை விளிம்பில் ஊறவிட்டுப் பார்த்ததில் தேய்மானம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

பீச் கட்டையில் இரு தகடுகளையும் அடித்து முடித்த பிறகு விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. மரத்துக்கும் கவனம் தேவை. இழையோட்டம் நீண்ட விளிம்பின் போக்கிலேயே இருக்கும்படி கட்டையை அறுக்க வேண்டும். இழைகள் குறுகி முடியும் மூலைகளில் சிம்பு தெறிக்கும் என்பதால் அங்கே விளிம்பைச் சற்று அதிகமாக உருட்டுவது நல்லது. ஈரத்தில் மரம் குறுக்குவாட்டில் உப்பினாலும் காய்ந்ததும் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்புகிறது, உப்பிய எம்.டி.எஃப். அப்படித் திரும்புவதில்லை.

இவை இரும்புத் தகட்டில் கண்டவை. அலுமினியத்தில் இரண்டு சிறு துண்டுகள் மட்டுமே அடித்திருக்கிறேன். பதமாகச் சூடேற்றி மென்மையாக்கிய பின் மரச்சுத்தியலின் இலேசான அடிகளே போதுமாக இருந்ததால், அங்கே எம்.டி.எஃப். கட்டையும் தாக்குப்பிடித்தது. பெரிய தகடுகளுக்கும் அது பொருந்தும் என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

நசுங்கிய எம்.டி.எஃப். கட்டையை வீணாக்கவில்லை. விளிம்பை அறுத்துவிட்டு, பீச் கட்டைக்கு மேற்பலகையாக வைத்திருக்கிறேன். அடி விழாத அந்த இடத்தில், அதன் சமதளமான முகம் தகட்டை எங்கும் ஒரே சீராக அழுத்திப் பிடிக்கிறது.