கேரவன் கதவில் ஏசி: காட்பாடி பக்கம் வேலை கொடுப்பவர்கள் கவனத்துக்கு

காட்பாடி சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் எங்கள் கேரவன் டிரெய்லருக்கு ஏசி வைக்கக் கொடுத்தோம். பணமும் போய், ஆளும் போயிருப்போம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை பார்த்த லட்சணத்தைச் சொன்னாலே அந்த மாதிரி ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

டிரெய்லர் சின்னது, பொலிரோவுக்குப் பின்னால் மாட்டி இழுப்பது. நானும் மச்சானும் சேர்ந்து வாங்கினோம். வேலூரில் வெயில் சதம் அடிக்க ஆரம்பித்துவிட்டால் மதியத்தில் அந்தத் தகரப் பெட்டிக்குள் உட்கார முடியாது. கூரைத் தகடு ஏசியின் எடையைத் தாங்காது. பக்கச் சுவர்களில் கட்டிலும் அலமாரியும். ஆகவே பின்கதவை வெட்டி ஒரு டன் விண்டோ ஏசி வைப்பது என்று முடிவானது. இந்த யோசனையில் இப்போதும் எனக்குக் குறை தெரியவில்லை. வண்டியின் உடம்பில் ஓட்டை போட வேண்டாம், பிடிக்காவிட்டால் வேறு கதவு மாட்டிக்கொள்ளலாம். ஏறி இறங்கப் பக்கக் கதவு தனியாக இருக்கிறது.

"கதவும் திறக்கும், ஏசியும் ஓடும்ணா, கவலையே படாதீங்க" என்றார் பட்டறைக்காரர். மொத்தம் 18,000 ரூபாய், அட்வான்ஸ் 10,000. பில் கேட்டதற்குக் கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு.

வண்டி பார்க்க அழகாகத்தான் வந்தது. ஏசியின் பின்பக்கம் கதவோடு சமமாக, ஒரு விரல்கூட வெளியே நீட்டாமல். அந்த அழகுதான் வினை. விண்டோ ஏசியின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி திறப்புகள் இருக்கும். அவற்றின் வழியாக வெளிக்காற்றை இழுத்து, கண்டென்சர் (சூட்டை வெளியேற்றும் பின்பக்கக் குழாய் வலை) சூட்டோடு பின்னால் தள்ளுவது உள்ளே இருக்கும் விசிறியின் வேலை. அந்தத் திறப்புகள் சுவருக்கு வெளியே இருந்தாக வேண்டும். இங்கே மொத்தமும் உள்ளே. முன்பக்கம் குளிரவைத்த காற்றையே பக்கவாட்டில் உறிஞ்சி வெளியே கொட்டியது. போன காற்றுக்கு ஈடாக இண்டு இடுக்கெல்லாம் அனலும் புழுதியும் உள்ளே வந்தன. ஏசி முன்னால் கை வைத்தால் சில்லென்று இருக்கும், வண்டி மட்டும் குளிராது.

திரும்பக் கொண்டுபோனோம். "குளிர் லீக் ஆவுதுணா" என்று சொல்லி, அந்தத் திறப்புகளைத் தகடு வைத்து மூடி, மேலே ஃபோமும் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு டன் ஏசி உள்ளிருந்து எடுக்கும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட். அது இழுக்கும் மின்சாரம் இன்னொரு கிலோவாட் போல. அத்தனை சூடும் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். காற்று வரும் வழியையே அடைத்தால் எப்படிப் போகும்? கம்ப்ரஸர் கொஞ்சம் ஓடும், டிரிப் ஆகும், மறுபடி ஓடும். கேட்டதற்கு ஏசி பீஸே சரியில்லை என்றார்கள். கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இப்படி அடைத்து வைத்தால் வாரண்டி கிடையாது என்று கிளம்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் எடை. 40 கிலோவுக்கு மேல் உள்ள பெட்டியைப் பழைய கீல்களை நம்பித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே தாங்க ஒரு ஆங்கிள்கூட இல்லை. ஏலகிரிக்குக் கிளம்பி பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும், பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக் கை காட்டினார். நிறுத்திப் பார்த்தால் மேல் கீல் பிய்ந்து கதவு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகும் முன்பே பிய்ந்ததே நல்லது என்று கயிறு போட்டுக் கட்டித் திரும்பினோம்.

வீட்டில் கழற்றியபோது கதவின் பிளைவுட் ஊறி உப்பியிருந்தது. விண்டோ ஏசி லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால்தான் தண்ணீர் வெளியே வடியும். இவர்கள் உள்பக்கம் சாய்த்திருந்தார்கள்.

இதையெல்லாம் விட மோசமானது ஒயரிங். தெரிந்த எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது: எர்த் ஒயரை வெட்டி, டேப் சுற்றி உள்ளே சொருகியிருந்தார்கள். வண்டி முழுக்கத் தகரம், கீழே ரப்பர் டயர். எங்காவது ஒயர் உரசியிருந்தால், தரையில் நின்று கைப்பிடியைத் தொடுபவரின் உடம்பு வழியாகத்தான் கரண்ட் மண்ணுக்கு இறங்கும். மச்சானின் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஏறி இறங்கிய வண்டி அது.

ராணிப்பேட்டையில் வேறொருவர் பின்கதவைத் திறக்காதபடி நிலையாக்கி, சேஸிஸிலிருந்து ஆங்கிள் ஸ்டாண்டு எழுப்பி, எடையை அதில் உட்காரவைத்தார். திறப்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பார்க்க அசிங்கம்தான், நன்றாகக் குளிர்கிறது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், பிய்ந்த கீலின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பக்கம் யாராவது இதே மாதிரி கதவு போட்டிருந்தால், இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்கிறதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.