புல் விதை என்ற பெயரில் சண்டும் களிமண்ணும்: கொறங்காடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு) மாடு மேய்ப்பவர்கள் ஐப்பசி மழைக்குப் புல் விதை வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'மானாவாரி மேய்ச்சல் கலவை' என்று அச்சடித்த பொட்டலங்களை வண்டியில் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்றார்கள். கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் கலந்தது, ஒரு தடவை விதைத்தால் போதும், நாற்பது நாளில் மாட்டை உள்ளே விடலாம், ஏக்கருக்குக் கன்றோடு நாலு மாடு தாராளமாக மேயும் என்றார்கள். நம்பி வாங்கி விதைத்த எங்கள் காடுகளில் மழை பெய்தும் புல் எழவில்லை. கேட்டதற்கு முதலில் "ரெண்டாம் மழைக்கு வந்துருமுங்க" என்றார்கள். பிறகு "உங்க மண்ணு ஆகலீங்க" என்றார்கள். அதன்பின் போனை எடுக்கவே இல்லை. மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்துச் சோதித்த பிறகுதான் ஏமாற்று எப்படி நடந்தது என்று புரிந்தது.

கொழுக்கட்டைப் புல்லில் நாம் விதை என்று சொல்வது பூனைமயிர் போன்ற சுணையோடு இருக்கும் ஒரு கூடு. அதற்குள்ளே பழுப்பு நிறத்தில் சின்ன மணி இருந்தால்தான் அது விதை. கதிர் ஒரே சமயத்தில் முற்றாது. மேல்பாதி உதிரும்போது கீழ்பாதி பச்சையாக இருக்கும். ஆள் கூலியை மிச்சம் பிடிக்க முழுக் கதிரையும் ஒரே உருவாக உருவினால் பாதிக்கு மேல் மணியில்லாத வெறும் கூடுதான், அதாவது சண்டுதான் சாக்குக்குள் போகும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், எடையில்தான் வித்தியாசம். அந்த எடைக் குறைவை மறைக்கத்தான் களிமண் பூசி உருண்டையாக்கி, 'விதை நேர்த்தி செய்தது' என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். விதைக்கு மண் பூசுவது தவறான முறை இல்லை. காற்றில் பறக்காமல் விழும், எறும்பும் சீக்கிரம் எடுக்காது. ஆனால் உள்ளே மணி இல்லாத கூட்டுக்குப் பூசினால் நாம் காசு கொடுப்பது களிமண்ணுக்கு.

கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. உருண்டை விதையாக இருந்தால் 100 கிராமைத் தண்ணீரில் போட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். குறைந்த எடை அத்தனையும் மண். அடுத்து, சாக்கின் நடுவிலிருந்து 100 கூடுகளை எண்ணி எடுத்து ஒவ்வொன்றாக நகத்தில் கிள்ளிப் பாருங்கள். மணி இருப்பது எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு 100 கூடுகளை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் தெளித்து வாருங்கள். மூன்றாம் நாள் முதல் முளை தெரியும், இரண்டு வாரம் வரை எண்ண வேண்டும். சோதித்துப் பார்க்க இந்த இரண்டு வாரம் வேண்டும் என்பதால் புரட்டாசித் தொடக்கத்திலேயே விதையைக் கையில் எடுத்துவிடுங்கள். மழை மேகம் கூடிய பிறகு வண்டி வருவதே நாம் சோதிக்க நேரம் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

கணக்கு இப்படி: தூய்மை (மண்ணும் சண்டும் போக, எடையில் நூற்றுக்கு எவ்வளவு விதை) 80, முளைப்பு 30 சதவீதம் உள்ள விதையில் உண்மையில் பயன்படுவது 24 சதவீதம். தூய்மை 40, முளைப்பு 10 என்றால் பயன்படுவது வெறும் 4. அதாவது அதே புல்லுக்கு ஆறு மடங்கு விதை வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போதும் என்பது நல்ல விதைக்குச் சொன்ன அளவு. கிலோ விலையைப் பார்த்து வாங்காதீர்கள், முளைக்கும் விதைக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள்.

போன மாதம் அறுத்த புது விதையும் ஏமாற்றும். கொழுக்கட்டைப் புல் விதைக்கு உறக்க காலம் உண்டு. மணி நன்றாக இருந்தாலும் சில மாதம் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அதனால் அறுவடை மாதத்தைக் கேளுங்கள். முயல் மசாலுக்குத் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். கொழுக்கட்டையோடு முன்கூட்டியே கலந்து விற்ற பொட்டலத்தில் இதைச் செய்ய வழியே இல்லை. கலவையாக வாங்காமல் தனித்தனியாக வாங்குவதே சரி. கூடு உள்ளங்கையில் முள்ளாகக் குத்தினால் அந்த மூட்டையை வாங்கவே வேண்டாம். கொழுக்கட்டையின் சுணை மெத்தென்று இருக்கும். குத்துவது களைப்புல்லின் முள்காய், ஒருமுறை காட்டில் ஏறினால் மாட்டின் வாயைப் புண்ணாக்கும்.

விதையை விடப் பெரிய பொய் அந்த 'நாலு மாடு' கணக்கு. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கன்றுக்குப் பால் கொடுக்கும் காங்கேயம் பசு ஒரு நாளைக்கு எட்டு கிலோ அளவுக்குக் காய்ந்த புல் தின்னும். ஓரளவு நல்ல மழையில் மானாவாரி ஏக்கரில் ஒரு டன் காய்ந்த புல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தூர் பிழைக்கப் பாதியை விட்டுவைக்க வேண்டும். மிச்சம் 500 கிலோ, ஒரு பசுவுக்கு இரண்டு மாதம். நாலு பசு என்றால் பதினைந்து நாளில் தரை தெரிந்துவிடும். இதில் கன்று கடிப்பதைச் சேர்க்கவே இல்லை. கிளுவை வேலி போட்டு, காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்த்த முன்னோர்கள் இந்தக் கணக்கு தெரிந்துதான் செய்தார்கள்.

நாற்பது நாளில் மாட்டை விடச் சொன்னதும் அதே ரகம். அந்த வயதில் வேர் ஆழம் போயிருக்காது, மாடு கடித்து இழுக்கும்போது செடியோடு வரும். முதல் அறுப்புக்கே 70, 75 நாள் ஆகும். தூரைக் கையில் கொத்தாகப் பிடித்து மாடு இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து வேர் நின்றால் விடலாம், வேரோடு வந்தால் படலைச் சாத்திவையுங்கள். முதல் வருஷம் ஒருமுறை கதிர் வந்து விதை உதிர விடுவதே நல்லது. மேய்த்தாலும் நாலு விரற்கடைத் தூர் நிற்க வேண்டும்.

ஏமாந்தவர்களுக்கு: "புல் விதைக்கெல்லாம் சட்டம் கிடையாது" என்று சொல்வார்கள். 1966 விதைச் சட்டத்தில் விதை என்பதற்குள் கால்நடைத் தீவன விதையும் சேரும். 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பவருக்கு உரிமம் வேண்டும், வாங்குபவருக்கு ரசீது தர வேண்டும். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். குவியல் எண் (லாட் நம்பர்), சோதனைத் தேதி, முளைப்புத் திறன் பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காலிப் பொட்டலத்தையும் கிழிக்காமல் வையுங்கள், மிச்ச விதையோடு விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சோதனைக்கென்று விதை எடுத்து வைக்கவில்லை என்பதற்காகப் புகாரைத் தள்ள முடியாது என்றும் அதில் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் போகலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை.

இந்த வருஷம் காடு வெறுமையாகக் கிடந்தால் ஈரம் இருக்கும்போதே நரிப்பயறோ கொள்ளோ விதைத்துவிடுங்கள். அடுத்த வருஷத்துக்கு விதை விலைக்கு வாங்கவே தேவைப்படாது. வேலியோரம் மாடு எட்டாமல் நிற்கும் பழைய தூர்களில் கதிர் இருக்கும். விரல் பட்டதும் உதிரும் கூடுகளை மட்டும் இரண்டு மூன்று தடவையாகச் சேருங்கள். நிழலில் காயவைத்துச் சணல் சாக்கில் கட்டுங்கள். தையில் கட்டியது ஐப்பசிக்குள் உறக்கம் தெளிந்துவிடும். ஈர மணலோடு பிசிறி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல், முள் கொப்பை இழுத்து மூடினால் போதும்.