பதினாறு வயதுப் பையனை இந்த ஜிம்மில் சேர்க்கலாமா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில், பிளஸ் ஒன் படிக்கும் என் மகனை ஆறு மாதக் கட்டணமாக 6,000 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். நான்கே மாதத்தில் நிறுத்திவிட்டேன். கூடத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே நடப்பதைத் தெரிந்துகொள்வதுதான் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு உதவும்.

கருவிகள் புதியவை. காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். பளு தூக்கும்போது முதுகை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மாஸ்டர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு இந்தக் கட்டணத்தில் நல்ல இடம்தான்.

என் மனத்தாங்கல் சேர்த்த அன்றே தொடங்கியது. மகனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, கண்ணாடிச் சுவரின் முன் நிறுத்தி, 'பிஃபோர்' படம் எடுத்தார்கள். "அண்ணாச்சி, தம்பிக்கு செஸ்ட்ல கொழுப்பு ஜாஸ்தி, முதல்ல அதைக் கரைக்கணும்" என்று அங்கிருந்த எல்லார் காதிலும் விழும்படி மாஸ்டர் சொன்னார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். பருவ வயதில் ஹார்மோன் மாற்றத்தால் மார்பில் சுரப்பித் திசு சற்றுப் பெருப்பது ஆண்பிள்ளைகளிடம் சாதாரணம் என்றும், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே வற்றிவிடும் என்றும், எத்தனை தண்டால் எடுத்தாலும் அது கரையாது என்றும் பின்னர் மருத்துவர் விளக்கியபோது, அன்றைக்கே நான் குறுக்கிட்டுப் பேசியிருக்க வேண்டும் என்று வருந்தினேன்.

சனிக்கிழமைதோறும் அப்படி ஒரு படம் எடுத்து, கூடத்தின் வாட்ஸாப் குழுவில் மற்றப் பையன்களின் படங்களோடு வரிசையாகப் போட்டார்கள். மனைவியின் தையல் இயந்திரத்தில் கிடக்கும் இஞ்ச் டேப் அடிக்கடி காணாமல் போயிற்று. ஒருநாள் அவனுடைய இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் காலை, மாலை, இரவு என்று கட்டம் கட்டி, 'ஆர்ம்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 11¼, 11¼, 11¼ என்று பக்கம் நிறைய எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். அங்கே ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும். சிறுவயதிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த பிள்ளை, "செருப்பைப் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று வெளியிலேயே நின்றுவிட்டான்.

வரவேற்பு மேசையில் உடல் எடையைக் கூட்டுவதற்கான 'மாஸ் கெய்னர்' மாவும் விற்கிறார்கள். 3 கிலோ டப்பாவை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். 100 கிராமில் புரதம் 15 கிராம்தான், மீதியில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்து என்பதை லேபிளில் வீட்டுக்கு வந்த பிறகே படித்தேன். இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் அதைவிடக் கூடுதலான புரதம் தரும். உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது.

கூடத்தார் ஊசி எதுவும் விற்பதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் உடைமாற்றும் அறையில் பெரிய பையன்கள் தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு ஊசி பற்றிப் பேசிக்கொள்வதாக மகன் சொன்னான். வளரும் வயதில் அதைப் போட்டால் எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்றுபோகலாம். உடல் தானே டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது குறையும். அவன் எதற்காக வெட்கப்பட்டானோ அந்த மார்புப் பெருக்கமே நிலைத்துவிடவும் கூடும்.

எவ்வளவு தசை வளர்ந்தாலும் தன் உடம்பு சிறியதாகவே தெரியும் மனநிலைக்கு 1997-இல் அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் 'மசில் டிஸ்மார்ஃபியா' என்று பெயரிட்டார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் அது இடம்பெற்றுள்ளது. என் மகன் அந்த நிலைக்குப் போய்விடவில்லை என்றே மருத்துவர் சொன்னார். "கண்ணாடியை ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா பார்க்கிறே?" என்று அவர் கேட்டபோது மட்டும் அவன் பதில் சொல்லவில்லை.

இப்போது காலையில் வ.உ.சி. மைதானத்தில் ஓடுகிறான். மீதி இரண்டு மாதக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை, அது போகட்டும். குழுவிலிருந்து அவன் படங்களை நீக்கும்படி கேட்டேன். எல்லாருடைய போனிலும் இறங்கிவிட்டதால் இனி ஒன்றும் செய்ய இயலாது என்றார் மாஸ்டர். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் படம் எடுப்பதையும், அவர்கள் உடம்பைப் பிறர் முன்னால் விமர்சிப்பதையும் இந்தக் கூடம் நிறுத்தும்வரை, பள்ளிப் பிள்ளைகளை இங்கே அனுப்பாதீர்கள்.