மூட்டு மாற்று சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனை தேடிய அனுபவம்

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில், பரிந்துரைக்கப்பட்ட நாளிலிருந்து 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பது இலக்கு. நடைமுறையில் முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பலர் அதைவிட நெடுங்காலம் காத்திருக்கிறார்கள். என் மனைவிக்கு மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாகிவிட்ட நிலையில், ஊருக்குப் போகும்போது அங்கேயே அறுவை சிகிச்சையை முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். நாங்கள் இருவரும் பிரிட்டன் குடியுரிமை பெற்று, ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்கள். பேச்சும் சொந்தபந்தமும் திருச்சிக்காரர்களுடையது, பாஸ்போர்ட் மட்டும் அயல்நாட்டினுடையது என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலை, மருத்துவமனையின் பதிவு மேசையிலேயே வேலை காட்டத் தொடங்கிவிடுகிறது.

சென்னையில் நாங்கள் விசாரித்த ஒரு பெரிய மருத்துவமனையில் சர்வதேச நோயாளிகளுக்கென்று குளிரூட்டப்பட்ட தனி அறை இருந்தது. அங்கே காப்பி கொடுத்து உட்காரவைத்து, செலவு மதிப்பீட்டை டாலரில் எழுதித் தந்தார்கள். அதே சிகிச்சைக்குத் தரைத்தளத்தில் உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லப்படும் தொகையை என் மைத்துனர் தனியாகப் போய்க் கேட்டுவந்தார். இரண்டுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருந்தது. "ஓசிஐன்னா எங்க சிஸ்டத்துல ஃபாரின் பேஷன்ட்தான் சார்" என்றார் அங்கிருந்த இளைஞர். திருச்சியில் நாங்கள் பார்த்த இடத்திலோ, பாஸ்போர்ட்டையும் ஓசிஐ அட்டையையும் நகல் எடுத்துக்கொண்டு, கட்டணத்தை உள்ளூர் விகிதத்திலேயே போட்டார்கள். இதில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒவ்வொரு வழக்கம் இருப்பதால், எந்த விகிதத்தில் பில் போடுவார்கள் என்பதை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர், விமான நிலைய வரவேற்பு, விசா கடிதம் ஆகியவை தேவைப்படும் வெளிநாட்டவருக்கு அந்தத் தனிப்பிரிவு பெரும் உதவிதான். மருத்துவரோடு தமிழிலேயே பேசக்கூடிய எங்களுக்கு அது தேவையற்ற செலவாகவே பட்டது.

'பேக்கேஜ்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. எங்களுக்குக் கிடைத்த ஒரு மதிப்பீட்டுத் தாளில், அச்சடித்த மொத்தத் தொகைக்குக் கீழே, நீல மையில் "கன்சூமபிள்ஸ் தனி" என்று சிறிதாகக் கிறுக்கியிருந்தது. கையுறையும் ஊசியும் கட்டுத்துணியும் பில்லில் தனியாக ஏறும் என்பது அதன் பொருள். அறை வகையும் பில்லை நிர்ணயிக்கிறது. பல மருத்துவமனைகளில் தனி அறைக்குப் போனால் வாடகை மட்டும் கூடுவதில்லை; அறுவை மருத்துவரின் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் அதற்கேற்ப உயர்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவு நீங்கலாக, ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகைக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. எங்களூர்ச் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து உட்கார வேண்டும் என்பதற்காகவே பெரிய அறை எடுப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்வது நல்லது.

நோயாளிக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. செயற்கை முழங்கால் மூட்டுகளின் விலைக்கு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. ஆகவே, எந்த நிறுவனத்தின் மூட்டு, எந்த உலோகம், அதன் விலை என்ன என்று தனித்தனியாகக் கேட்டோம். இதற்கு முகம் சுளிக்காமல், பெட்டியின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டி விளக்கிய மருத்துவரைத்தான் இறுதியில் தேர்ந்தெடுத்தோம்.

மருத்துவமனைகளின் தரத்துக்கு இந்தியாவில் வழங்கப்படும் என்ஏபிஹெச் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தோம். அது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சிஎம்சி மருத்துவமனையையும் பலர் பரிந்துரைத்தார்கள். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளுக்காகக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தே இடம்பிடித்திருக்கும் ஊர் அது. அந்த மருத்துவமனையின் நற்பெயரில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலூரில் அறை எடுத்துத் தங்கி, பிசியோதெரபிக்கும் தையல் பிரிப்பதற்கும் அலைய வயதான மாமியாரை வைத்துக்கொண்டு முடியாது. மூட்டு மாற்றத்தில் அறுவைக்குப் பிந்தைய வாரங்களே பாதி சிகிச்சை என்பதால், திருச்சியில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தது எங்கள் முடிவைத் தீர்மானித்தது. அறுவை மருத்துவர் அந்த மருத்துவமனையிலேயே முழுநேரமாக இருப்பவரா, வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் கன்சல்டன்டா, நள்ளிரவில் காய்ச்சல் அடித்தால் யார் வந்து பார்ப்பார் என்பவற்றையும் கேட்டறிந்தோம். கட்டடத்தின் பளபளப்பைவிட இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

பணம் கட்டும் வழியை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். லண்டனில் எடுத்த பயணக் காப்பீடு, திட்டமிட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சையை ஏற்பதில்லை. வருமான வரிச் சட்டப்படி 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பதால், வெளிநாட்டில் வாழ்வோர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கில் முன்னதாகவே பணம் போட்டுவைத்திருந்தேன். வெளிநாட்டு அட்டையில் பெரிய தொகையைத் தேய்த்தால் அங்குள்ள வங்கி சந்தேகப்பட்டு நிறுத்திவிடக்கூடும்.

டிஸ்சார்ஜ் என்று காலையில் சொன்னால், மருந்துக்கடைக்குத் திருப்பிய மாத்திரைகளின் கணக்கு முடிந்து, வெளியே வரப் பிற்பகல் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தை ஆவணங்களைச் சரிபார்க்கப் பயன்படுத்தினேன். இந்திய வணிகப் பெயர்கள் லண்டன் மருத்துவருக்குப் புரியாது என்பதால், டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லா மருந்துகளுக்கும் ஜெனரிக் பெயரை, அதாவது மருந்தின் மூலப்பெயரை, எழுதித் தரச் சொன்னேன். பொருத்திய மூட்டின் வரிசை எண் கொண்ட ஸ்டிக்கரை அதிலேயே ஒட்டித் தந்தார்கள். பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்பட்டால், அந்த எண் இல்லாமல் எந்த மருத்துவரும் திணறுவார். எக்ஸ்ரே படங்களைக் குறுந்தகட்டிலும் வாங்கிக்கொண்டோம்.

நீண்ட விமானப் பயணத்தில் காலில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால், திரும்பும் பயணச்சீட்டை மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். நாங்கள் தேதி மாற்றக்கூடிய சீட்டாகவே எடுத்திருந்தோம். லண்டன் திரும்பிய பிறகு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், வெளிநாட்டில் படுத்துச் சிகிச்சை பெற்றதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உள்ளனவா என்று மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள், முடிவு வரும்வரை தனி அறையிலும் வைக்கக்கூடும். அது அங்குள்ள வழக்கமான நடைமுறைதான் என்பதால், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.