துணைப்புயல் இரவுக்கு எந்த ராடார்: ஐஸ்காட்டா, சூப்பர்டார்னா?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு துருவ ஒளியை ஆராயப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். காந்த நடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு அந்த ஒளி கண்ணில் படாதுதான். தரவு மட்டும் கணினிக்கு வந்துவிடுகிறது. என் பொருள் துணைப்புயல்: பூமியின் காந்தப்புலத்தில் சேர்ந்த சக்தி திடீரென விடுபட்டு, துருவ ஒளி வெடித்துப் பரவும் நிகழ்வு. இறுதியாண்டு ஆய்வுக்கு நோர்வேயின் ட்ரொம்சோவில் உள்ள ஐஸ்காட் ராடாரா, பல நாடுகளில் பரந்த சூப்பர்டார்ன் ராடார் வலையமைப்பா என்று இரு வாரங்கள் யோசித்து, ஐஸ்காட்டை எடுத்தேன்.

பரப்பை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. சூப்பர்டார்னின் 30க்கும் மேற்பட்ட ராடார்கள் இரவு பகலாக, ஓரிரு நிமிடங்களுக்கு ஒரு முறை, மேல்வளியின் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயன்மண்டலத்தைத் துழாவுகின்றன. ஐஸ்காட்டின் 32 மீற்றர் தட்டிலிருந்து எழும் கற்றையோ 110 கிலோமீற்றர் உயரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் அகலமே.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது உறிஞ்சல். துணைப்புயல் வெடிக்கும்போது சக்திமிக்க இலத்திரன்கள் 90 கிலோமீற்றருக்கும் கீழே இறங்கி அங்கே அயனாக்கத்தைக் கூட்டுகின்றன. அடர்ந்த அந்தக் காற்றில் இலத்திரன்கள் நடுநிலைத் துணிக்கைகளோடு ஓயாமல் மோதுவதால், ஊடுசெல்லும் அலையின் சக்தி வெப்பமாக வீணாகிறது. இந்த இழப்பு மீடிறனின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமானது. சூப்பர்டார்ன் இயங்குவது 8 முதல் 20 மெகா ஹேர்ட்ஸில். ஐஸ்காட்டின் யூஎச்எஃப் (மீயுயர் மீடிறன்) ராடார் ஏறத்தாழ 930 மெகா ஹேர்ட்ஸில். 10 மெகா ஹேர்ட்ஸ் அலை படும் இழப்பில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. ஓர் இரவின் இரு வரைபடங்களையும் அருகருகே வைத்தபோது, சூப்பர்டார்ன் படத்தில் எதிரொலி அறுந்து வெறும் வெள்ளையாகக் கிடந்த அதே நிமிடங்களில், ஐஸ்காட் படத்தில் 100 முதல் 120 கிலோமீற்றர் வரை இலத்திரன் அடர்த்தி சிவப்புப் பட்டையாக எழுந்து நின்றது. எந்தக் கணத்தை ஆராய வந்தேனோ, அந்தக் கணத்தில்தான் மற்றது ஊமையானது.

ஐஸ்காட் இலத்திரன் வெப்பநிலையையும் அயன் வெப்பநிலையையும் உயரவாரியாகத் தருவது கூடுதல் இலாபம். சூப்பர்டார்ன் தருவது, காந்தப்புலக் கோட்டை ஒட்டி நீளும் இலத்திரன் அடர்த்தி ஒழுங்கின்மைகளின் பார்வைக்கோட்டு வேகத்தை. துருவப் பகுதி முழுவதிலும் பிளாஸ்மா (அயன்களும் இலத்திரன்களும் கலந்த வளி) எப்படிச் சுழல்கிறது என்பதே கேள்வியானால், அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

நான் கூர்ந்து பார்த்தவை மூன்று இரவுகள் மட்டுமே. அவற்றுள் சிறிய துணைப்புயல் ஒன்றில் சூப்பர்டார்ன் எதிரொலி அறுபடாமலே வந்தது. ஆகவே எல்லா இரவுக்கும் இதுவே விதி என்று சொல்லமாட்டேன்.

ஐஸ்காட்டை எடுப்பவர்கள் அது இயங்கிய நாட்களின் பட்டியலை முதலில் பார்க்கட்டும். நான் காந்தமானிப் பதிவில் காந்தப்புலத்தின் வடக்குக் கூறு, துணைப்புயலின் அடையாளமாக, செங்குத்தாகச் சரிந்த அழகான இரவொன்றைத் தேர்ந்து, முன்னுரையையும் எழுதி முடித்த பிறகே, அன்று ராடார் இயங்கவேயில்லை என்று கண்டேன்.