டாமினன்ட் தந்திகள்: கர்நாடக வயலினில் ஆறு மாத அனுபவம்

குழலை ஊதுகிறோம், வீணையை மீட்டுகிறோம், வயலினை வாசிக்கிறோம். ஆனால் கச்சேரி முடிந்து வெளியே வரும் ரசிகர், வயலின் மனத்தைத் தொட்டிருந்தால், ‘இன்று வயலின் பாடிற்று’ என்றுதான் சொல்கிறார். லால்குடி ஜெயராமனின் வாசிப்பை வாய்ப்பாட்டுக்கு இணையாகப் பேசுவதும் இந்தப் பொருளில்தான். ஆகவே தந்தி வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இதில் பாட முடியுமா?

வியன்னாவின் தாமஸ்டிக் இன்ஃபெல்ட் நிறுவனம் டாமினன்ட் தந்திகளை 1970இல் அறிமுகப்படுத்தியது. அதுவரை மென்மையான நாதம் வேண்டுவோர் ஆட்டுக்குடல் தந்தியையும், உறுதி வேண்டுவோர் எஃகுத் தந்தியையும் நாடினர். காற்றில் ஈரம் ஏறினால் சுருதி மாறிவிடும் குடல் தந்தி, நம் கடற்கரை ஊர்களுக்கு ஒத்துவராது. டாமினன்டின் நடுவில் இருப்பது செயற்கை இழை. அதன்மேல் இரண்டாம், மூன்றாம் தந்திகளுக்கு அலுமினியமும், நான்காம் தந்திக்கு வெள்ளியும் சுற்றப்பட்டுள்ளன. முதல் தந்தி மட்டும் எஃகு.

என் வயலினோடு கடையில் கொடுத்த பெயரில்லாத எஃகுத் தந்திகளை இரண்டு ஆண்டுகள் வாசித்தேன். சுருதி நின்றது, ஆனால் வில்லைச் சற்று அழுத்தினாலும் கீச்சென்றது, தளர்த்தினால் மூச்சுப் போய்விட்டது. ‘உன் வில்லில் குற்றமில்லை, தந்திக்குக் குரலே இல்லை’ என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் மாற்றினேன்.

முதல் நான்கு நாட்கள் பொறுமை வேண்டும். செயற்கை இழை நீண்டு படியும்வரை தந்தியை இறுக்கும் முளையான பிருடையைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எஃகின் சுருதியைச் சேர்க்கப் போதுமாயிருந்த சிறு திருகாணி இதற்குப் போதாது என்பதால், பிருடை நழுவாமல் பிடிக்கிறதா என்று முன்னரே பார்த்துவிடுவது நல்லது. நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. அழுத்தம் முழுவதும் நீங்கினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்வதோடு, வயலினுக்குள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்னும் சிறு மரத்தூணும் விழக்கூடும்.

ஐந்தாம் நாள் தம்புராவைப் போட்டுக்கொண்டு, இரண்டரைக் கட்டை சுருதியில் தந்திகளைச் ச-ப-ச-ப என்று சேர்த்துத் தோடி ராகம் வாசித்தேன். தோடியின் காந்தார ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசையும் அசைவுதான் அதன் உயிர். பழைய தந்தியில் அந்த அசைவின் இரு முனைகளும் தனித்தனியே கேட்டன. இதில் விரல் நகர்ந்த பாதை முழுவதும், இடையிலுள்ள நுண்ணிய சுருதிகள் உட்பட, ஒரே மூச்சாக ஒலித்தது. ‘இழைத்து வாசிக்கிறார்’ என்று பெரியவர்கள் சொல்லும் சொல்லின் பொருளை அன்று என் விரலில் முதன்முறையாக உணர்ந்தேன். கீழ்ஸ்தாயியில் வெள்ளி சுற்றிய நான்காம் தந்தி தரும் கனம், ஆலாபனையைத் தொடங்கும்போது தனி நிறைவைத் தருகிறது.

இரண்டாம் தந்தியிலிருந்து எஃகான முதல் தந்திக்கு ஏறும்போது குரல் மாறுவது காதுக்குத் தெரிகிறது. வில்லை அங்கே இலேசாக்கினால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். மேல்ஸ்தாயி சங்கதிகளுக்கு அந்தக் கூர்மை வேண்டியதும்கூட.

இத்தந்திகள் அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே பஞ்சம இடைவெளி வைக்கும் மேற்கத்திய முறைக்காகச் செய்யப்பட்டவை என்பதையும் மறக்கக்கூடாது. நம் ச-ப-ச-ப முறையில் மேல் தந்திகளை அதைவிடத் தாழ்த்திச் சேர்க்கிறோம்; சுருதியை இறக்க இறக்க எந்தத் தந்தியும் தளரும். ஆண்குரலுக்கு ஒரு கட்டை என்னும் தாழ்ந்த சுருதியில் பக்கவாத்தியம் வாசிப்பவர்கள், முழுத் தொகுப்பை வாங்கும் முன் தங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பெண்குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டையில் வாசிப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

அலுமினியச் சுற்றுக்கு வியர்வை ஆகாது. ஒவ்வொரு சாதகத்துக்குப் பிறகும், வில்லில் தேய்க்கும் ரோசின் பொடியையும் வியர்வையையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுகிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகும் என் தந்திகளில் சுற்று பிரியவில்லை.

எஃகைவிட விலை பல மடங்கு. சரளி வரிசையில் இருக்கும் குழந்தைக்கு வாங்கித் தரச் சொல்லமாட்டேன். வர்ணங்கள் கைக்கு வந்து, ராகத்தைத் தனியே தேடத் தொடங்கியவர்களுக்கு மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். அடுத்த முறையும் இதையே வாங்குவேன்.